நாளும் ஐந்து சொல்

கொல்லிமலையில் 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு, எவெலின் பிராண்டு என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் இல்லறம் தொடங்கினர். நோயுற்றோர்க்கு மருந்தளித்தனர், பள்ளிகளும் நிறுவினர். தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்டு, 1914இல் இம்மலையில் பிறந்த அவர்தம் மகனே. இத்தொண்டினைச் செய்வதற்கு அத்தம்பதியர் தமிழைக் கற்க வேண்டியிருந்தது. மக்களின் சொல்லை அறியாதவர் மக்களிடையே பணியாற்ற இயலாது. அவ்வாறே, ஆட்சியின் சொல்லை அறியாத மக்கள் ஆட்சியிடம் தம் உரிமையைக் கேட்க இயலாது.

இவ்வுண்மையை நம் தலைவர்கள் நன்குணர்ந்திருந்தனர். அந்நாளில் சட்டமும் ஆணையும் ஆங்கிலத்தில் இருந்தன. நம்மை இழிவாகச் சுட்டிய பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி, ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என வழங்குமாறு சென்னைச் சட்டமன்றத்தில் 1922இல் தீர்மானம் கொணர்ந்து வென்றவர் எம்.சி. ராஜா. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவரும் அண்ணல் அம்பேத்கரும் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து, நம் குறைகளை உலகறிய எடுத்துரைத்தனர். இடைத்தரகர் எவரும் இன்றித் தம் வாயாலேயே உரைத்தனர் என்பதே நாம் எண்ணிப் பெருமிதம் கொள்ளத்தக்கது.

இச்சொல்லாற்றல் அவர்களுக்குப் பிறவியில் வந்ததன்று. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளி ஆசிரியராக விளங்கியவர். அவர் மொழிபெயர்ப்புப் பாடநூல்களைக் கொண்டு மகனுக்கு ஆங்கிலப் பயிற்சி அளித்தார். புத்தகம் வாங்கக் கையில் பணமில்லாத வேளைகளில், மணமாகிச் சென்ற தம் பெண்களிடம் கடன் பெற்றேனும் வாங்கித் தந்தார். அவ்வில்லத்தில் விளைந்த சொற்செல்வமே பின்னாளில் அரசியலமைப்புச் சட்டத்தை வரையத் துணைநின்றது.

இளைஞர்களே! உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆகவே அச்சொற்களை நமதாக்கிக் கொள்ளுதல் நம் கடமையாகும். நாள்தோறும் ஐந்து சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுவோம். ஓராண்டில் அவை 1,825 ஆகும். எழுதிய சொல்லை மறுநாளும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் திரும்பப் படிப்போம். ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைத்துப் பார்ப்போம்.

வேரை அறிந்தால் கிளைகள் எளிதில் வசமாகும். இரயில் நிலையத்தில் சுமை தூக்குபவரைப் 'போர்ட்டர்' என்கிறோம். 'சுமத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. உள்ளே சுமந்து வருவது 'இம்போர்ட்'. வெளியே சுமந்து செல்வது 'எக்ஸ்போர்ட்'. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமப்பது 'டிரான்ஸ்போர்ட்'. செய்தியைத் திரும்பக் கொணர்வது 'ரிப்போர்ட்'. கீழிருந்து தாங்குவது 'சப்போர்ட்'. தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கிய நம்மவர்க்கு இவ்வேரின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

தாய்மொழியைத் துறந்து ஆங்கிலம் கற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தமிழில் தெளிவாக எண்ணுபவனே பிறமொழியிலும் தெளிவாகப் பேசுவான். நிலமும் பொருளும் நமக்கு மறுக்கப்பட்டன. கற்ற சொல்லையோ எவரும் பறித்துக்கொள்ள இயலாது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவர் இல்லத்திலும் இன்றே ஒரு சொற்குறிப்பேடு தொடங்கப்படுமாக!