கிளைக்குழாய்த் தொகுதி: பொருத்தலும் பொருந்தாமையும்

1. வரையறை

சிலிண்டர் தலையின் வெளியேற்று வாய்கள் தரும் எரிந்த வாயுவைத் திரட்டிப் பின்குழாய்க்கு அனுப்பும் உறுப்பு இருவகைப்படும். வார்ப்பிரும்பில் ஒரே துண்டாக வார்த்தது ஒன்று. பட்டறையில் மேனிஃபோல்ட் எனப்படும் இதை 'வார்ப்புக் கூட்டுவாய்' என்று குறிப்போம். வாய்க்கொரு குழாயாக வளைத்துப் பற்றவைத்த ஹெடர் மற்றொன்று. இதைக் 'கிளைக்குழாய்த் தொகுதி' என்போம். தொகுதிக்கு உறுப்புகள் மூன்று. தலையோடு ஒட்டும் தடித்த தகடு 'முகத்தகடு'. அதிலிருந்து கிளம்புபவை 'முதற்குழாய்கள்'. அவை ஒன்றுகூடும் இடம் 'சேர்வாய்'. பழைய கூட்டுவாய் முடிந்த இடத்தை ஒட்டியே முடிவது குட்டைத் தொகுதி. கியர்பெட்டியின் பக்கம்வரை இறங்குவது நெடுந்தொகுதி.

முகத்தகடு தலையின்மேல் இழுப்பின்றி அமராமை, அமர்ந்தபின் குளிரிலோ சூட்டிலோ அசைவிலோ வேறோர் உறுப்பில் முட்டுதல், சேர்வாய் பின்குழாயோடு நேர்படாமை ஆகிய மூன்றையும் 'பொருந்தாமை' என்னும் பெயரில் அடக்குகிறோம். 1999 மாதிரி ஆண்டில் அமெரிக்காவில் வந்த ஷெவ்ரலே சில்வராடோ பிக்கப்பும், அதன் 5.3 லிட்டர் வி-8 எஞ்சினும் நம் ஆய்வுப்பொருள். அவ்வண்டிகள் பல இன்றும் உழைக்கின்றன. அவற்றின் கூட்டுவாய் போல்ட்டுகள் முறிவதும் பரவலாக அறியப்பட்டதே.

2. மாற்றுவதற்கான காரணம்

இவ்வெஞ்சினின் எரிவரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றை எண் சிலிண்டர்கள் ஓட்டுநர் பக்கமும் இரட்டை எண்கள் மறுபக்கமும் அமைந்தவை. எட்டு எரிதல்களும் 90 பாகைக்கு ஒன்றாக நிகழ்கின்றன. வரிசையைப் பக்கம் பிரித்துப் பார்த்தால், 2-ஐ அடுத்து 6 எரிகிறது, இரண்டும் வலப்பக்கம். 3-ஐ அடுத்துச் சுற்று திரும்பி 1 எரிகிறது, இரண்டும் இடப்பக்கம். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சோடி, ஒன்றன் வாயு வெளியேறி முடிவதற்குள் மற்றொன்றின் வாயுவைத் திறந்துவிடுகிறது. குறுகிய கூட்டுவாய்க்குள் இவ்விரு அலைகளும் மோதிக்கொள்கின்றன. தனித்தனி முதற்குழாய்கள் அம்மோதலைச் சேர்வாய்வரை தள்ளிப்போடுகின்றன. குழாய் நீள நீள, இப்பயன் கூடும். இடநெருக்கடியும் உடன் கூடும். நெடுந்தொகுதியைத் தேர்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே ஏற்கிறார்.

3. பொருந்தாமையின் வகைகள்

3.1 முகப்புப் பொருந்தாமை. இதன் வேர் வெப்ப விரிவு. இச்சிலிண்டர் தலை அலுமினியம். இரு கடைக்கோடி போல்ட்டுகளுக்கிடையே 400 மி.மீ. எனக் கொள்வோம். தலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் நிற்கையில் அந்நீளம் 0.7 மி.மீ. விரியும். மென்னெஃகு முகத்தகடு 400 பாகையை எட்டினால் 1.8 மி.மீ. விரியும். எஞ்சும் ஒரு மில்லிமீட்டரை முனைப் போல்ட்டுகளே தாங்கவேண்டும். அலுமினியத்தின் விரிவெண் இரும்பினதைப்போல இருமடங்காயினும், தலையைக் குளிர்நீர் காப்பதால் கணக்கு இப்படித் தலைகீழாகிறது. வார்ப்புக் கூட்டுவாய்க்கும் இதே நிலைதான். பழைய வண்டியில் பின்கோடிப் போல்ட்டு தலையற்று நிற்பதற்கு முதற்காரணம் இதுவே என்பது நம் கருத்து. 304 வகைத் துருவேறா எஃகு இன்னும் மிகுதியாக, அதே சூட்டில் 2.6 மி.மீ. வரை, விரியும். அத்தகைய முகத்தகட்டின் முனைத்துளைகள் நீள்வட்டமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அரத்தால் ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.

பற்றவைப்பின் இழுப்பால் தகடு வளைந்திருத்தல் இவ்வகையின் மற்றொரு காரணம். நேர்விளிம்புக் கோலை வைத்து ஒளி புகுகிறதா என்று பார்த்தால் அது வெளிப்படும்.

3.2 இடப் பொருந்தாமை. இடப்பக்கத்தில் ஸ்டீயரிங் தண்டு, வலப்பக்கத்தில் எண்ணெய் அளவுகோலின் குழாய், இருபுறமும் சட்டமும் ஸ்பார்க் பிளக் உறைகளும், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்சக்கர முறுக்குத்தண்டுகளும் குழாயின் வழியில் நிற்கின்றன. குழாய் முட்டினால் தயாரித்தவரைக் குறைகூறுவது வழக்கம். ஆனால் குழாயின் இடத்தை முடிவு செய்வது எஞ்சின்; எஞ்சினின் இடத்தை முடிவு செய்வன அதன் ரப்பர் தாங்கிகள். அவை நைந்து அமுங்கினால் எஞ்சின் இறங்கிச் சாயும்; புதிய வண்டியை அளந்து செய்த குழாய் பழைய வண்டியில் முட்டும். ஸ்டீயரிங் தண்டின் மேல்முனை கேபினையும் கீழ்முனை சட்டத்தையும் சார்ந்தது. ஆதலால் கேபின் தாங்கிகள் அமுங்கினாலும் தண்டின் கோணம் மாறும். தாங்கிகளைச் சோதிக்குமுன் குழாயில் சுத்தியலை வைப்பது நோயறியுமுன் மருந்து கொடுப்பதாகும்.

நின்ற வண்டியில் இடைவெளி இருப்பதும் போதிய சான்றன்று. முன்செல்லும் கியரில் சுமை ஏறும்போது, எதிர்முறுக்கத்தால் எஞ்சினின் இடப்பக்கம் எழும், வலப்பக்கம் தாழும். இடக்குழாய்கள் ஸ்டீயரிங் தண்டோடும் வலக்குழாய்கள் சட்டத்தோடும் கொண்டுள்ள உறவை இவ்வசைவோடு சேர்த்தே மதிப்பிடவேண்டும். ஒரு விரல் தடிமனுக்குக் குறைந்த இடைவெளியை நாம் ஏற்பதில்லை.

3.3 தொடர்ச்சிப் பொருந்தாமை. நெடுந்தொகுதியில் சேர்வாய் பின்தள்ளிப்போவதால் வினையூக்கி மாற்றியின் இடமும் ஆக்சிஜன் உணரியின் இடமும் மாறும். உணரியின் கம்பி எட்டாது. இணைப்பான் உள்ள நீட்டிப்புக் கம்பியே தக்கது. மாற்றியை அகற்றுவதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. கலிபோர்னியாவில் மாற்று உறுப்புக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை எண் வேண்டும். வாங்குமுன் தீர்க்கவேண்டிய கேள்வி இது.

4. பொருத்தும் நிலைகள்

பழைய போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது கழற்றவேண்டும். முறிந்த போல்ட்டு தலைமட்டத்துக்கு வெளியே சிறிதேனும் நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகுவதே சிறந்த வழி. அலுமினியத் தலையில் துளையிடும் கருவி எஃகை விட்டு வழுவி மென்மையான பக்கத்துக்கே ஓடும். ஆதலால் துளையிடல் கடைசி வழி.

அடுத்து, கேஸ்கெட்டும் தொகுதியும் வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் விரலாலேயே திருகவேண்டும். விரலால் ஏறாத போல்ட்டு இருந்தால் பொருந்தாமை உண்டு. போல்ட்டின் பலத்தால் முகத்தகட்டை இழுத்து அமர்த்துவதை நாம் முற்றாக மறுக்கிறோம். அவ்விழுப்பு மறைவதில்லை; முதற்குழாய் தகட்டோடு பற்றவைக்கப்பட்ட இடமான 'பற்றுவாயில்' தங்கி, சூடும் குளிரும் மாறிமாறி வர விரிசலாகத் திறக்கிறது. முகத்தகடு இயல்பாக அமர்வதே மாறாத அடிப்படை. மற்றவை யாவும் அதற்கேற்ப நகரவேண்டும்.

எது முதலில் நகரவேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. தாங்கிகளைச் சீர்செய்வது முதலாவது. அளவுகோல் குழாயையும் கம்பிக் கட்டுகளையும் விலக்கிக் கட்டுவது, பிளக் உறைக்கு வெப்பக் காப்பு இடுவது அடுத்தது. துளைகளை நீள்வட்டமாக்குவது அதன்பின். இவை யாவும் போதாதபோதே, தொகுதியைக் கழற்றி வெளியே வைத்து, முட்டும் இடத்தைச் செஞ்சூடாக்கி, உருண்ட முகமுள்ள கருவியால் ஆழமற்ற குழிவு இடலாம். பற்றுவாயிலிருந்து அது விலகியிருக்கவேண்டும். சிறு குழிவால் வாயு ஓட்டத்துக்கு வரும் இழப்பு சொற்பம். உரசும் குழாயால் வருவது ஓட்டை.

பின்னர் நடுவிலிருந்து இருமுனைகளை நோக்கி, முதற்சுற்றில் 15, இரண்டாம் சுற்றில் 25 நியூட்டன்-மீட்டர் அளவில் முடுக்கவேண்டும். இவை இவ்வெஞ்சினின் 8 மி.மீ. போல்ட்டுகளுக்கான அளவுகள். குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' ஒலி கேட்டுச் சூட்டில் மறைந்தால் முகப்பில் கசிவு உண்டு. உணரிக்கு முன்னுள்ள கசிவு வெளிக்காற்றையும் உறிஞ்சும். உணரி எரிபொருள் குறைவென்று தவறாகச் சொல்லும். கணினி தேவையின்றி எரிபொருளைக் கூட்டும். ஆகவே எஞ்சினை முழுச்சூட்டுக்குக் கொண்டுபோய், முற்றும் ஆறவிட்டு, அதே வரிசையில் போல்ட்டுகளை மறுபடி சோதிக்கவேண்டும். கிராஃபைட் கேஸ்கெட் முதற்சூட்டில் சற்று அமுங்கும். பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டில் அந்த அமுக்கம் மிகக் குறைவு.