முள் ஆடுதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பாவின் 1974 மாடல் புல்லட்டை நாற்பது தடவையாவது உதைத்திருப்பேன். ஸ்டார்ட் ஆகவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. வண்டி ஒரு நிழலாகத்தான் தெரியும்.

"முள் ஆடுதாடா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு ஒதைச்சிக்கிட்டே இருக்க?"

பழைய புல்லட்டின் ஹெட்லைட் கூட்டின் மேல் ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பிளாட்டினம் பாயின்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் காயிலுக்குப் போகும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும். அந்தத் திறக்கும் நொடியில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. அன்றைக்கு முள் நடுவிலேயே நின்றது.

"ஹெட்லைட்டப் போடு."

"எரியுதுப்பா. முள்ளும் சாயுது."

"அப்ப பேட்டரி நல்லாருக்கு, மீட்டரும் நல்லாருக்கு. பிளாட்டினத்தத் திற."

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். கண் தெரியாமலேயே இரண்டு கேள்வியில் கோளாறைப் பாதி கண்டுபிடித்துவிட்டார். இதை அவருடைய திறமை என்று மட்டும் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த வண்டியின் வரலாற்றைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இந்த புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் 1949-இல் விற்பனைக்கு வந்த வடிவம். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்காக 800 வண்டிகள் கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு தயாரிப்புக் கருவிகளும் வந்து, பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் ஆங்கிலேயக் கம்பெனியே முடிந்துபோனது. திருவொற்றியூர் மட்டும் நிற்காமல் ஓடியது. 1977-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லலாம். ஆனால் வண்டி இவ்வளவு காலம் மாறாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாற வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டு வண்டிகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. எதைச் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதற்கெல்லாம் லைசென்ஸ். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாடு இது. கையில் கிடைத்த வண்டியை எப்படியாவது ஓட வைத்துதான் ஆகவேண்டும். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பற்றாக்குறையில் கரைந்தவை. அம்மா இன்றைக்கும் சொல்வாள்: "உங்கப்பா லீவு போட்டதெல்லாம் வண்டிக்குத்தான், எனக்கில்ல."

ஆனாலும் அதே பற்றாக்குறைதான் அப்பாவுக்கு வண்டியின் உள்ளே பார்க்கும் உரிமையையும் கொடுத்தது. வடிவம் மாறாததால் ஒருவர் ஒருமுறை கற்றுக்கொண்டது வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியானது. அடுத்த தலைமுறைக்கும் கொடுக்க முடிந்தது.

1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரம். பிளாட்டினம் பாயின்ட் இல்லை, எலக்ட்ரானிக் இக்னிஷன். தேய்வதற்கும் அழுக்கேறுவதற்கும் அங்கே ஒன்றுமில்லை. மைலேஜோ புல்லட் பக்கத்தில் வர முடியாத அளவு. அப்பாவின் நண்பர்கள் பலர் அதற்கு மாறினார்கள். அவர்கள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆபீசுக்கு நேரத்துக்குப் போகிறவனுக்கு அது வரம். ஆனால் மூடி ஒட்டிய அந்தக் கறுப்புப் பெட்டி கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கி மாட்டலாம், அவ்வளவுதான். எதனால் கெட்டது என்று அது சொல்லாது. முள் சொல்லும்.

சிலிண்டருக்குப் பின்னால் வலது பக்கத்து மூடியைத் திருப்புளியால் கழற்றினேன். உள்ளே பாயின்ட் முழுக்கக் கிரீஸ். போன வாரம் கேமுக்குக் கிரீஸ் வைத்தது நான்தான். துளி வைக்க வேண்டிய இடத்தில் அப்பியிருக்கிறேன். அது சுழன்று தெறித்துப் பாயின்டில் படிந்து மின்சாரத்தை மறித்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"நானும் அப்பிருக்கேன். தொட."

பனியன் வேஸ்டைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தேன். மெல்லிய உப்புத்தாளை மடித்து இரண்டு முகத்தையும் லேசாகத் தேய்த்தேன். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நாலாவது கியரில் பின்சக்கரத்தை உருட்டி, பாயின்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தினேன். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் நுழைந்து, கொஞ்சம் பிடித்து, வெளியே வந்தது. அப்பா அந்தக் காலத்தில் இதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வைத்திருப்பார்.

நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினேன். முள் சாய்ந்தது, திரும்பியது. இரண்டாவது உதையில் வண்டி எழுந்தது. தெருநாய் ஒன்று எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. அப்பா கண்ணை மூடிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை ஆட்டி அணைக்கச் சொன்னார்.

"மறுபடி கழட்டி மாட்டு. இந்தத் தடவ நான் வாயத் தொறக்க மாட்டேன்."