பாலக்காடு மணி ஐயரும் எங்கள் சித்தூர் ஜில்லாவும்

சங்கீதக்காரர்களிடம் சித்தூர் என்று சொன்னால் உடனே வரும் பெயர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898இல் புங்கனூரில் பிறந்தவர், காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர், 1954இல் சங்கீத கலாநிதி, திருப்பதி வெங்கடேஸ்வரா இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், மதுரை சோமுவின் குரு. எங்கள் ஊர்ப் பெயரை வெளியே கொண்டுபோனவர்.

ஆனால் வெளியிலிருந்து எங்கள் ஜில்லாவுக்கு வந்த ஒரு மேதையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பாலக்காடு மணி ஐயர் 1970களில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலி பள்ளியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மெட்ராஸ் சபாக்கள் தேதி கேட்டுக் காத்திருந்த மனிதர், கடலைக்காடும் பாறைமலையுமாக இருக்கும் அந்தப் பக்கம் எதற்கு வந்தார்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். அதற்கு முதலில் அவர் கை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

நாயனா பிள்ளையின் ஃபுல் பெஞ்ச்

நாயனா பிள்ளை (1889-1934) கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள். ஹைகோர்ட்டில் எல்லா நீதிபதிகளும் சேர்ந்து உட்காருவது மாதிரி. பாடகருக்கும் தாள வாத்தியங்களுக்கும் கணக்கில் போட்டி நடக்கும். எங்கள் சுப்பிரமணிய பிள்ளையின் லயப் பிடிப்பு அந்தப் பட்டறையில் வந்தது.

கணக்கு என்றால் என்ன கணக்கு? நான் பி.காம்., எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஆதி தாளம் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் 4 என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனம் 32. 'ததிகிணதோம்' என்ற சொல் 5 மாத்திரை. அதை மூன்று தரம் வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் 2 மாத்திரை விட்டால், 5+2+5+2+5 = 19. 32இல் 19 போனால் பாக்கி 13. ஆக 14ஆவது மாத்திரையில் எடுத்தால் முடிந்தவுடன் சமத்தில் 'டக்'கென்று வந்து நிற்கும். சாயந்திரம் கேஷ் டாலி ஆகும்போது கேஷியர் முகத்தில் வருமே ஒரு திருப்தி, சபையில் கைதட்டல் வருவது அதற்குத்தான்.

இதெல்லாம் மணி ஐயருக்கு அத்துப்படி. சின்ன வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதர் மேடையில் ஏற்றிவிட்டார். கஞ்சிராவில் சிங்கமான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையோடு இளம்பிள்ளையாக ஒரே மேடையில் வாசித்தவர் அவர். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் கற்றவர். கணக்கில் யாருக்கும் இளைத்தவரில்லை. ஆனால் அவர் பெரியவரானது அந்தக் கணக்கை எங்கே போடாமல் விட வேண்டும் என்று தெரிந்ததால் என்பது என் கட்சி.

என்ன கேட்க வேண்டும்?

அவர் வாசித்த பழைய கச்சேரி ஒலிப்பதிவு எது கிடைத்தாலும் சரி, தனி ஆவர்த்தனத்துக்குத் தாவாதீர்கள். நடுவில் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரியக்குடியோ செம்மங்குடியோ மதுரை மணியோ, யார் பாடினாலும் பரவாயில்லை.

பல்லவியின் முதல் சங்கதியில் மிருதங்கம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். வலந்தலையில் நாலைந்து தட்டு, அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது சங்கதி என்று பாட்டு விரிய விரிய, கையும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். பாடகர் ஒரு வார்த்தையை நீட்டினால் அந்த இடத்தில் கை நிற்கும். வார்த்தை துள்ளினால் கையும் அதே இடத்தில் துள்ளும். தாளத்துக்கு வாசிக்கிறாரா, பாட்டுக்கு வாசிக்கிறாரா என்று கேட்டால், பாட்டுக்குத்தான். தாளம் தானாகக் கூட வருகிறது.

அடுத்து இடது கை. தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டியிருப்பார்கள், அதனால்தான் அந்தக் கனமான நாதம். மணிக்கட்டை லேசாக அழுத்தித் தேய்த்தால் 'கும்' என்று ஒரு வளைவு வரும். அதற்குக் கும்கி என்று பெயர். இது ஊறுகாய் மாதிரி, இலை பூராவும் பரிமாறினால் சாப்பாடு கெட்டது. மணி ஐயரிடம் பல வரிகளுக்குத் தொப்பி மௌனமாக இருக்கும். பிறகு ஒரே ஒரு தரம் வரும். அந்த ஒன்றுக்காக ரிவைண்ட் பண்ணுவோம்.

இங்கே டொராண்டோவில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஜாஸ் பைத்தியம். கவுண்ட் பேஸி குழுவின் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் பற்றி அவர்தான் சொன்னார். 1930களில் மற்றவர்கள் காலால் பெரிய டிரம்மை 'தம் தம்' என்று உதைத்துத் தாளம் வைத்துக்கொண்டிருந்தபோது, ஜோன்ஸ் அதை ஹை-ஹாட்டுக்கு, அதாவது ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு சின்ன ஜால்ராக்களுக்கு, மாற்றினாராம். சத்தம் குறைந்தது, மொத்தக் குழுவுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. பதிலுக்கு அவருக்கு மணி ஐயரைப் போட்டுக் காட்டினேன். ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் 'இந்த ஆள் பாடகரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்' என்றார். நம்மூர் விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

மைக் சண்டை

1960களில் மணி ஐயர் ஒரு முடிவு எடுத்தார். மைக் வைத்த கச்சேரிக்கு வாசிப்பதில்லை.

இதைப் பெரிய மனிதரின் பிடிவாதம் என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாதாரணத் தோல் வாத்தியத்தில் எழும் உப ஒலிகள் ஒன்றோடொன்று சேராது, அதனால் வெறும் சத்தமாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கருப்புச் சோறு அந்த உப ஒலிகளைச் சுருதியோடு சேர வைக்கிறது. இதைச் சொன்னவர் நம் சர் சி.வி. ராமன், 1920லேயே 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். ஒரு கலைஞர் விரல் நுனியால் உண்டாக்குவது இந்த நுணுக்கத்தைத்தான். அன்றைய சபா ஒலிபெருக்கிகள் அதை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெதுவான தட்டும் ஓங்கிய தட்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால், மெதுவாகத் தட்டத் தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை?

இத்தனைக்கும் 1966இல் சங்கீத கலாநிதி வாங்கிய முதல் மிருதங்க வித்வான் அவர். அந்த உயரத்தில் இருப்பவர் இப்படிச் சொன்னால் நஷ்டம் அவருக்குத்தான். கச்சேரிகள் குறைந்தன. ஊர் அவரோடு சேர்ந்து மைக்கைக் கழற்றிவிடவில்லை. பின்னாளில் அவரும் மைக் இருந்த மேடைகளில் வாசித்தார்.

இந்தப் பின்னணியில் ரிஷிவேலியைப் பாருங்கள். 1919இல் தாகூர் ஜனகணமனவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஊர் மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் அதுதான். அவருடைய பள்ளியில், மலை சூழ்ந்த அமைதியில், மைக் இல்லாமல் எதிரே உட்கார்ந்து கேட்கும் பத்துப் பிள்ளைகள். மணி ஐயரின் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அவர் கை கேட்ட இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாக்கி கணக்கு

புகழ்ந்து மட்டும் முடித்தால் ஒரு பக்க லெட்ஜர் ஆகிவிடும்.

பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை என்று வெகுகாலம் இருந்தவர் மணி ஐயர். டி.கே. பட்டம்மாளுக்கு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது மாறியது (பிறகு இருவரும் சம்பந்திகளே ஆனார்கள், நித்யஸ்ரீ இரண்டு பேருக்கும் பேத்தி). அதுவரை நல்ல மிருதங்கம் கிடைக்காமல் பாடிய பெண்கள் எத்தனை பேரோ!

இன்னொன்று, அந்த நாதத்தில் பாதி அவர் விரலில் இருந்தது என்றால் மீதி தோலில் இருந்தது. மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றையும் பதம் பார்த்து, வெட்டி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. தலித் கிறிஸ்தவக் குடும்பம். மணி ஐயர் குறை சொல்வார், பர்லாந்து மாற்றிச் செய்வார், மறுபடி குறை, மறுபடி மாற்றம். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து தேடிய நாதம் அது. ஆனால் கச்சேரி நோட்டீஸில் ஒரு பெயர்தான் இருந்தது. டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தில் இந்தக் குடும்பங்களின் கதையை எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியை ரத்து செய்தது. அப்போதும் இந்தப் பெயர்களுக்கு மேடை சுலபமாகக் கிடைக்கவில்லை.

மணி ஐயர் 1981இல் காலமானார். 2022இல் ஜில்லாக்களைப் பிரித்தபோது மதனப்பள்ளி சித்தூரை விட்டுப் போனது, திருப்பதியும் தனி ஜில்லா ஆகிவிட்டது. ஆக, 'எங்கள் சித்தூர் ஜில்லா' என்று நான் உரிமை கொண்டாடுவது பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டுதான்.

ரிஷிவேலியில் அவரிடம் 'தத் தித் தொம் நம்' கற்ற பிள்ளைகளுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். கச்சேரி ஒலிப்பதிவுகள் எங்காவது இருந்துவிடும். ஒரு பையனுக்கு அவர் கையைப் பிடித்து எப்படித் திருத்தினார் என்பது இவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், உட்கார்த்தி வைத்து எழுதி வாங்கிவிடுங்கள். தெலுங்கிலோ தமிழிலோ, எதில் சொன்னாலும் சரி.