தமிழை எந்தத் தட்டில் வைப்பது

2003 ஜூன் மாதம் ஒரு பள்ளியில் தலைமை நூலகராகச் சேர்ந்த அன்று என் கையில் இரண்டு பதிவேடுகளைக் கொடுத்தார்கள். ஒன்று கெட்டி அட்டை போட்ட நூல் சேர்க்கைப் பதிவேடு. ஆங்கிலப் புத்தகங்களுக்கு வரிசை எண், வாங்கிய தேதி, விலை, பகுப்பு எண் எல்லாம் அதில் அச்சுக் கோத்தாற்போல் இருந்தன. இன்னொன்று 80 பக்க நோட்டு. தமிழ்ப் புத்தகங்கள் அதில்தான். பகுப்பு எண் என்ற கட்டமே கிடையாது. த1, த2, த3 என்று போய் த212இல் நின்றிருந்தது. திருக்குறள் உரைக்கு அடுத்துக் காளான் வளர்ப்பு, அதற்கடுத்து விக்கிரமாதித்தன் கதை. வந்த வரிசைதான் வைத்த வரிசை. வாசல் பலகையில் ‘இருமொழி சர்வதேசப் பள்ளி’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஆங்கிலத்துக்கு ஒரு நூலகமும் தமிழுக்கு ஒரு தட்டும் இருந்தன.

19 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துவிட்டு இப்போது தருமபுரிக்கே திரும்பிவிட்டேன். அந்த நோட்டு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அது என்னை அவ்வளவு சுருக்கென்று தைத்ததற்கு என் ஊர் ஒரு காரணம். பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், சந்தைக்குப் போனால் தெலுங்கும் உருதுவும் காதில் விழும். இரண்டு மொழியில் வாழ்வதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படிப்பு வாசனை என்று எனக்கு வந்தது கிளை நூலகத்திலிருந்து. வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை, பக்கத்தில் புளி மண்டி. மாசி, பங்குனியில் புளி தட்டும் காலத்தில் புத்தகத்தைத் திறந்தாலே புளி மணக்கும். அங்கிருந்த நூலகர் என்னைப் போன்ற சிறுபிள்ளைகளிடம் தவணைத் தேதிச் சீட்டு ஒட்டும் வேலையைக் கொடுப்பார். முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டி ஒருநாள் கேட்டேன்.

“இந்த நம்பர் எதுக்குங்கய்யா?”

“உங்க வீட்டுக்குக் கதவு எண் இருக்குதில்ல பாப்பா? தபால்காரர் தேடி வரணும்ல. புத்தகத்துக்கும் அப்படித்தான்.”

அந்தக் கணக்கில் பார்த்தால் த1 முதல் த212 வரை இருந்தவை கதவு எண் இல்லாத வீடுகள்.

எங்கள் பள்ளி டியூயி பகுப்புமுறையைப் பின்பற்றியது. 1876இல் அமெரிக்காவில் மெல்வில் டியூயி வெளியிட்ட முறை அது. உலக அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரிக்கும். இலக்கியத்துக்கு 800. அதில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, அடுத்து ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், லத்தீன், கிரேக்கம். மீதி உலகம் முழுவதும் 890க்குள் அடைபட வேண்டும். அந்த நெரிசலில் தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த இடம் 894.811. தமிழ் நாவல் என்றால் 894.8113. ஆங்கில நாவலுக்கு 823 என்று மூன்று இலக்கத்தில் முடிந்துவிடும். சங்க இலக்கியம் வைத்திருக்கும் ஒரு மொழியைப் புள்ளிக்குப் பிறகு இத்தனை தூரம் நடக்கவைத்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை கையில் பிடிக்கும் மெல்லிய கதைப்புத்தகத்தின் முதுகில் அந்த எண் உட்காரக்கூட இடமிருக்காது. எனக்கு முன்னால் இருந்தவர் அலுத்துப்போய் நோட்டுப் போட்டதில் ஆச்சரியமில்லை.

இந்தச் சிக்கலைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் எப்போதோ தீர்த்து வைத்திருந்தார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஒரு வாரம்கூட அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் அரவமில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, வகுப்புக்கே போகிறேன் என்று மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்கு ஒரு முறை போய்வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே யூனிவர்சிட்டி காலேஜில் படித்தார், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட பட்டைகள், திருகுகள், சக்கரங்கள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை வண்டி, ஒரு தடவை பாரந்தூக்கி. எண்களையும் இப்படிப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பும் கப்பலிலேயே திட்டத்தை வரையத் தொடங்கிவிட்டார். 1933இல் அது கோலன் பகுப்புமுறை என்ற புத்தகமாக வந்தது.

அந்த முறையில் என்னை நெகிழவைத்த ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. ஒரு நூலகம் தனக்கு உகந்த மொழி எது என்று தானே முடிவு செய்துகொள்ளலாம். அந்த மொழிக்கு நீளமான எண் வேண்டாம், ஒரு சிறு கோடு போதும். தஞ்சாவூரில் நூலகம் வைத்தால் தமிழுக்கு அந்தக் கோடு, மைசூரில் வைத்தால் கன்னடத்துக்கு. எந்த மொழியும் எல்லா ஊரிலும் முதலில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மொழி புழங்கும் ஊரில் வளர்ந்தவருக்குத்தான் இந்த ஏற்பாட்டின் அருமை முழுதாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஆயிரக்கணக்கான ஆங்கிலப் புத்தகங்களுக்கு டியூயி எண் ஒட்டியிருந்த பள்ளியில் நான் கோலனுக்கு மாற முடியாது. ஒரு கோடை விடுமுறையில் டியூயி அட்டவணையை வரிவரியாகப் படித்தபோது 810க்கு மேலே ஒரு குறிப்பு கிடைத்தது. உள்ளூர் இலக்கியத்துக்கு முன்னிடமும் சுருங்கிய எண்ணும் கொடுக்க விரும்பும் நூலகங்கள் நடு இலக்கத்துக்குப் பதிலாக ஓர் எழுத்தையோ குறியையோ போட்டு அதை 810க்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் அனுமதி இருந்தது. அந்த எழுத்தை நான் தமிழில் போட்டேன். 8த0. தமிழ்க் கவிதைக்கு 8த1, நாடகத்துக்கு 8த2, கதைக்கு 8த3. அந்த 80 பக்க நோட்டில் தள்ளிவைக்கப் பயன்பட்ட அதே த, இப்போது இலக்கிய வரிசைக்கே தலையில் வந்து நின்றது. காளான் வளர்ப்பு தமிழில் இருந்தாலும் வேளாண்மைக்குள்தானே போக வேண்டும்? அதை ஆங்கிலக் காளான் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். 212 புத்தகங்களுக்கும் புதுச் சீட்டு எழுதி ஒட்ட ஆறு வாரம் ஆனது.

அடுத்த தொல்லை பெயர்களில் வந்தது. நூலகக் கணினியில் ஆசிரியருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? ஊர்ப்பெயரின் முதலெழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். கணினி கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயரென்று எடுத்துக்கொண்டது. உ. வே. சாமிநாதையரைப் பிரித்து ‘ஐயர்’ என்ற தலைப்பில் போட்டது, வையாபுரிப்பிள்ளை ‘பிள்ளை’யானார். ஊரில் கலைக்கப் போராடிய சாதி வரிசையை எங்கள் பட்டியல் தன்னை அறியாமலேயே மறுபடி கட்டிக்கொண்டிருந்தது. ரங்கநாதன் 1934இல் எழுதிய பட்டியல் விதிநூலில் இதற்கும் விடை இருந்தது. தென்னிந்தியப் பெயரின் கடைசிச் சொல் வெறும் சாதியைக் குறித்தால் அதை மட்டும் பிய்த்து முன்னால் போடாமல், அதற்கு முந்தைய பெயரோடு சேர்த்து இயல்பான வரிசையில் எழுத வேண்டும். நான் ஒவ்வொரு பதிவாகத் திறந்து மாற்றினேன்.

அகர வரிசையும் அப்படியே. யூனிகோடில் எழுத்துகள் அமர்ந்திருக்கும் வரிசை வேறு, நம் நெடுங்கணக்கு வேறு. அங்கே ந-வுக்கு அடுத்து ன வருகிறது; ழ-வுக்குப் பிறகுதான் வ. அதனால் கணினியில் ‘கழனி’ முன்னாலும் ‘கவிதை’ பின்னாலும் வரும். ‘கப்பலு’க்கு முன்னால் ‘கன்னி’ வந்து நிற்கும். தமிழ் அகராதி பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு ஆறாம் வகுப்புப் பையன்தான் இதைக் கண்டுபிடித்தான். “மிஸ், கம்ப்யூட்டருக்குத் தமிழ் தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி.

பள்ளி நூலகங்களையும் ரங்கநாதன் மறக்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கத்தை நிறுவ முன்னின்றார். 1929இல் தொடங்கிய முதல் பயிற்சி வகுப்பில் ஆசிரியர்களைத்தான் மனதில் வைத்திருந்தார். பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனிப் புத்தகம் எழுதினார். இத்தனை முன்னோடி வேலை நடந்த மண்ணில், ஆசிரியர் வராத வகுப்பை அடைத்துவைக்கும் இடமாகப் பள்ளி நூலகம் ஆகிப்போனதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி அனுப்பப்பட்ட வகுப்புகளை மேய்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகம் இருந்ததற்கே 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் காரணம். அதற்குப் பின்னால் ரங்கநாதனின் நீண்டகால முயற்சி இருந்தது. நிறைவேற்றிக் கொடுத்தவர் அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகி, அந்தப் பணத்தில் மாவட்டந்தோறும் நூலகங்கள் நடக்க வழி பிறந்தது. புளி மண்டிக்காரரும் கூரை வீட்டுக்காரரும் கட்டிய வரியில் வாங்கிய புத்தகத்தைத்தான் நான் படித்தேன். அதே அவினாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அங்கிருந்து பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 10 தொகுதிக் கலைக்களஞ்சியம் வந்தது. அதைத் தொடர்ந்து 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள். அலமாரி கட்டிக் கொடுத்தவரே அதில் வைக்கப் புத்தகமும் ஏற்பாடு செய்தார்.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கினேன். ஒரு தொகுதி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தோடு ஒரே தட்டில் வைத்தபோது, தமிழில் ‘ஆமை’ படித்த பிள்ளை அப்படியே கையை நீட்டி ஆங்கிலத்திலும் எடுத்துப் படித்தது. தூலிகா பதிப்பகம் 1996 முதல் போட்ட படக்கதைகளில் ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் இருக்கும். கொரியாவிலிருந்து வந்த ஒரு சிறுமி அவற்றை வைத்துக்கொண்டுதான் தமிழ் எழுத்தைக் கூட்டினாள். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, தமிழ் படிப்பது பள்ளிகளுக்குக் கட்டாயமாகிக்கொண்டிருந்த காலம். எங்கள் பிள்ளைகளுக்கு அதற்குள் தமிழ்த் தட்டு பயமுறுத்தும் இடமாக இல்லாமல் போயிருந்தது.

தருமபுரிக்குத் திரும்பிய பிறகு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கப் போனேன். சின்ன வயதில் பார்த்தவைதான். இந்த முறை அவை பட்டியல் அட்டைகளாகத் தெரிந்தன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், யார் கவர்ந்த ஆநிரையை மீட்கும்போது பட்டான், அவன் பெயர் என்ன. ஒரு பதிவுக்கு வேண்டிய விவரமெல்லாம் நாலைந்து வரி வட்டெழுத்தில் அடங்கிவிடுகிறது. பக்கத்துச் செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் தமிழ் வட்டெழுத்துக் கல்லும் இருக்கிறது, நுளம்பர் காலத்துக் கன்னடக் கல்வெட்டும் இருக்கிறது. என் வீட்டு மொழியும் தெரு மொழியும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன.

கல் தப்பியது, ஏடு தப்பவில்லை. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமானின் ஊர், ஔவை வந்து தங்கிய ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை இந்தக் கோட்டையை வென்ற போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூல் இருந்தது. முழு நூல் இன்று இல்லை. புறத்திரட்டு என்ற தொகை நூலும் பழைய உரைகளும் எடுத்தாண்ட பாடல்கள் மட்டும் எஞ்சின. சொந்த வீடு இடிந்து, பிறர் வீட்டுத் திண்ணைகளில் தங்கிப் பிழைத்த நூல் அது. எங்கள் ஊரைப் பற்றிய முதல் புத்தகத்தை எந்த அலமாரியிலும் முழுதாக வைக்க முடியாது என்பதை நினைத்தால், 212 புத்தகங்களை நோட்டில் எழுதி ஓரமாக வைத்த அந்தத் தட்டு எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. தேடி வர விலாசம் இல்லாத புத்தகத்தை ஒருநாள் யாரும் தேடமாட்டார்கள். பிறகு கரையானுக்கு அதிக நாள் ஆகாது.

இப்போது மாதத்தில் இரண்டு முறை அரூர் தாண்டிச் சிட்லிங்கிப் பக்கம் போகிறேன். மலைவாசி ஊர்களும் லம்பாடித் தண்டாக்களும் இருக்கும் பள்ளத்தாக்கு. தெரிந்த ஆசிரியை ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வைத்திருக்கிறாள், 300 இருக்கும். லம்பாடிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது லம்பாடி, பள்ளியில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம். லம்பாடிக்குத் தனி எழுத்து இல்லை. போன மாதம் ஒரு பெண் பிள்ளை தன் பாட்டி சொன்ன நரிக் கதையை லம்பாடியிலேயே, தமிழ் எழுத்தில், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு பக்கம், நரிக்குப் படமும் போட்டிருந்தாள்.

“இதையும் பதிவேட்டுல ஏத்துவீங்களா டீச்சர்?”

நூல் தைக்கும் ஊசியால் நடுவில் மூன்று தையல் போட்டேன். அட்டை ஒட்டினேன். சேர்க்கைப் பதிவேட்டில் 301ஆம் வரியில் அவள் பெயரை ஆசிரியர் கட்டத்தில் எழுதினேன், அடைப்புக்குறிக்குள் அவள் பாட்டி பெயரையும். பகுப்பு எண் கட்டத்துக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு 8ல3 என்று எழுதி, அதையே முதுகுச் சீட்டிலும் எழுதி அவளிடம் கொடுத்தேன். எங்கே வைக்க வேண்டும் என்று அவளே பார்த்து வைத்தாள்.