கோகோநட் குரோவ் தீ விபத்து

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மது விற்பனைக்கு அநுமதி பெற்று நடந்துவந்த கோகோநட் குரோவ் என்னும் இரவு விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று மூண்டு, 492 உயிர்களைப் பலிகொண்ட இவ்விபத்து, பொதுஜனங்கள் கூடும் ஸ்தலங்களின் பாதுகாப்பு விதிகள் கடுமையாவதற்குப் பிரதான காரணங்களுள் ஒன்றாயிற்று. சுமார் 460 பேருக்கே இடமளிக்கத்தக்க கட்டடத்தில் அன்றிரவு ஏறத்தாழ 1,000 பேர் நெருக்கியடித்திருந்தனர். நிலவறை மதுக்கூடத்தின் செயற்கைப் பனைகளிலும் கூரைத் துணியிலும் பற்றிய நெருப்பு சில நிமிஷங்களில் படிக்கட்டு வழியே மேலேற, தலைவாசலின் சுழற்கதவோ ஜனத்திரளின் நெரிசலால் அசையாது நின்றுவிட்டது. படிக்கட்டின் உச்சியிலிருந்த அவசரக் கதவு பூட்டிக் கிடந்தது. மற்றொரு கதவு உட்புறமாகத் திறப்பதாயிருந்தமையால், அதன்மேல் சாய்ந்த கூட்டமே அதைத் திறக்கவொட்டாமல் தடுத்தது. பணம் கொடாமல் எவரும் நழுவலாகாதென்று உயிர்வாசலை அடைத்துவைத்தது மன்னிக்கத்தக்கதன்று. விடுதி உரிமையாளர் 1943இல் சிறைத்தண்டனை பெற்றார். இத்தீ விபத்தின் விளைவாக, சுழற்கதவின் பக்கத்தே வெளிப்புறம் திறக்கும் கதவும், ஒளிரும் வழிகாட்டிப் பலகைகளும் அவசியமாயின; எளிதில் எரியும் அலங்காரங்கள் விலக்கப்பட்டன. எனினும், தானியங்கி நீர்த்தெளிப்பான்களைப் பெரிய மதுக்கூடங்களுக்கு மாஸசூஸெட்ஸ் மாநிலம் கட்டாயமாக்கியது, அண்டை மாநிலமான ரோட் ஐலண்டில் 100 பேர் மாண்ட 2003ஆம் ஆண்டின் விடுதித் தீக்குப் பின்னரே.