வெங்காயம் நறுக்குவதும் ஒரு சாட்சியம்: பாதுகாக்கப்பட்ட மனநல மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ன செய்கிறார்?

ஒரு வெங்காயம், ஒரு பலகை, ஒரு கத்தி. நம் வீட்டுச் சமையலறையில் ரெண்டு நிமிஷ வேலை. இங்கிலாந்தில் உள்ள ஒரு பாதுகாக்கப்பட்ட மனநல மருத்துவமனையில் இதே வேலைக்குத் தயாராகவே பல வாரங்கள் ஆகலாம். கத்தி பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். ஒவ்வொரு கருவியும் தொங்கும் இடத்தில் அதன் நிழல் வரையப்பட்டிருக்கும். எது காணாமல் போனாலும் காலியான நிழல் காட்டிக்கொடுத்துவிடும். எடுக்கும்போது எண்ணிக் கையெழுத்து, திருப்பி வைக்கும்போது எண்ணிக் கையெழுத்து. கணக்கு சரியாகும் வரை அறையை விட்டு யாரும் நகர முடியாது.

கத்தியைப் பிடிக்கப் போகிறவர் வன்முறை வழக்கு ஒன்றில் நீதிமன்றம் அனுப்பி வைத்தவர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் காவலர் இல்லை, டாக்டரும் இல்லை. அவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. நோயாளி வெங்காயம் நறுக்குவதை அவர் பார்த்து எழுதும் குறிப்புகள், அந்த மனிதர் எப்போது வெளியே வருவார் என்பதைத் தீர்மானிக்கும் பேச்சில் இடம்பெறும். ஒரு வெங்காயத்துக்கு இவ்வளவா என்று கேட்டால், ஆமாம், இவ்வளவுதான்.

முதலில், இது என்ன மாதிரி மருத்துவமனை?

ஆங்கிலத்தில் ஃபாரன்சிக் என்பதைத் தமிழில் 'தடயவியல்' என்று எழுதிவிடுகிறோம். உடனே கைரேகையும் ரத்தக்கறையும்தான் ஞாபகத்துக்கு வரும். 'தடயவியல் மனநலம்' அது இல்லை. மனநோயும் குற்றவியல் சட்டமும் சந்திக்கும் இடம் அது. குற்றம் செய்தபோது மனநோயின் பிடியில் இருந்தவர்கள், விசாரணையை எதிர்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்கள், சிறையில் இருக்கும்போது நோய் முற்றியவர்கள் ஆகியோருக்கான சிகிச்சை அது.

இங்கிலாந்தில் இந்த மருத்துவமனைகள் மூன்று அடுக்கு. உச்சப் பாதுகாப்பு கொண்டவை மூன்றே மூன்று: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். 1863-ல் திறக்கப்பட்ட பிராட்மூர்தான் மூத்தது. அதற்குக் கீழே நடுத்தரப் பாதுகாப்பு, குறைந்த பாதுகாப்பு என்று இரண்டு அடுக்கு. நடுத்தர அடுக்கில் சுற்றுவேலிக்கான அளவு 5.2 மீட்டர் உயரம். உள்ளே நுழைய இரட்டைக் கதவு. ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும். ஊழியர்கள் இடுப்பில் சாவியும் அலாரமும் கட்டியிருப்பார்கள்.

இத்தனை இருந்தாலும் இது சிறை இல்லை, மருத்துவமனை. நோயாளிக்கு இது நல்ல செய்தி மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். காலம் குறிப்பிட்ட சிறைத் தண்டனை என்றால் வெளியே போகும் தேதி தெரியும், நாட்காட்டியில் கிழித்துக்கொண்டே வரலாம். இங்கிலாந்தின் 1983-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில் 37-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் மருத்துவமனைக்கு அனுப்பி, அதோடு 41-வது பிரிவின் கட்டுப்பாட்டையும் சேர்த்துவிட்டால், முடியும் தேதி என்று ஒன்று கிடையாது. வெளியே கடைக்குப் போய்வரக்கூட மருத்துவரின் விருப்பம் மட்டும் போதாது, நீதித்துறை அமைச்சகம் சம்மதிக்க வேண்டும். தேதி இல்லாத இடத்தில் ஒருவர் எதை வைத்துத் தன் கதவைத் திறப்பது? 'நான் மாறிவிட்டேன்' என்பதைக் காட்டித்தான். எங்கே காட்டுவது? பூட்டிய வார்டில், நர்ஸ் நீட்டும் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர் எதைக் காட்ட முடியும்?

ஓ.டி.யின் வேலை தொடங்கும் இடம் இதுதான்.

'ஆக்குபேஷன்' என்றால் உத்தியோகம் இல்லை

'தொழில்முறை சிகிச்சை' என்ற மொழிபெயர்ப்பால் நிறையப் பேர் இதை வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் துறையில் ஆக்குபேஷன் என்பது ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாம்: பல் தேய்ப்பது, துணி துவைப்பது, சம்பளத்தைக் கணக்குப் போடுவது, கிரிக்கெட் பார்ப்பது, பிள்ளைக்கு போன் செய்வது. நோய் வந்தால் அறிகுறிகள் மட்டும் வருவதில்லை, இந்த நாளும் கலைந்து போகிறது. அதைத் திரும்பக் கட்டுவதுதான் சிகிச்சை.

தனித் தொழிலாக இது அமைப்பு ரீதியாகத் தொடங்கியது 1917-ல், அமெரிக்காவில். ஆனால் இதன் தேவையைக் காட்டும் கதை அதற்கு முந்தையது, அதில் ஒரு யாழ்ப்பாணத் தொடர்பும் உண்டு. வில்லியம் செஸ்டர் மைனர் 1834-ல் இலங்கையில் பிறந்தவர். அவரது தந்தை மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பணியாற்றியவர். மகன் அமெரிக்க ராணுவத்தில் அறுவை மருத்துவர் ஆனார். 1872-ல் லண்டனில், யாரோ தன்னைத் தாக்க வருகிறார்கள் என்ற மனப்பிரமையில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். பிராட்மூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே புத்தகங்களை வாங்கிக் குவித்து, ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான மேற்கோள்களை எழுதி அனுப்பினார். அகராதிக்குக் கிடைத்த மிக முக்கியமான பங்களிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கதையை 'வேலை குணமாக்கும்' என்று சொல்லிப் பலர் முடித்துவிடுவார்கள். குணமாக்கவில்லை. மைனரின் பிரமைகள் போகவே இல்லை. 1902-ல் தன்னைத்தானே மோசமாகக் காயப்படுத்திக்கொண்டார். 1910-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார், அதுவும் இன்னொரு மனநல மருத்துவமனைக்கு. ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வெறும் கைதியாகவோ வெறும் நோயாளியாகவோ மட்டும் இல்லை. தபாலில் வரும் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய ஆளாக இருந்தார். ஓ.டி.க்கள் இன்று தேடுவது இந்த அளவைத்தான்.

சரி, ஓ.டி. எதைப் பார்க்கிறார்?

மறுபடியும் வெங்காயத்துக்கு வருவோம். சுவை எப்படி என்பது இங்கே கேள்வியே இல்லை. செய்முறையை வரிசையாக நினைவில் வைக்கிறாரா? அடுப்பில் எண்ணெய் காயும்போது கவனம் எங்கே போகிறது? பாதியில் உப்பு இல்லை என்று தெரிந்தால் என்ன செய்கிறார், கேட்கிறாரா, கோபப்படுகிறாரா, அப்படியே விட்டுவிட்டுப் போகிறாரா? பக்கத்தில் இன்னொரு நோயாளி கிண்டல் செய்தால் கை என்ன செய்கிறது? இதையெல்லாம் பதிவு செய்யப் பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்தும் அளவீடுகள் உண்டு. கேரி கீல்ஹாஃப்னர் 1980-ல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி, தென்னாப்பிரிக்காவின் வோனா டு டாய்ட் உருவாக்கிய 'படைப்புத் திறன்' மாதிரி போன்றவை இங்கிலாந்தின் இந்த மருத்துவமனைகளில் புழங்குகின்றன.

ஆபத்தைக் கணிக்க 'ஹெச்.சி.ஆர்.-20' என்ற கருவி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மொத்தம் 20 அம்சங்கள். அதில் 10 கடந்த காலம் பற்றியவை: முன்பு வன்முறை இருந்ததா, போதைப் பழக்கம் இருந்ததா என்று. அவற்றை நோயாளி இனி எவ்வளவு முயன்றாலும் அழிக்க முடியாது. மீதி 10 மட்டுமே இன்றைய நிலையும் நாளைய சூழலும். ஒரு நோயாளியின் கணக்கில் நகரக்கூடிய பாதி அதுதான், ஓ.டி.யின் வேலையில் பெரும்பங்கும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

சமையலறைக்குப் பிறகு தோட்டம், மரவேலை, மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கடையில் கூலியோடு வேலை என்று படிகள் உயரும். பிறகு ஊழியர் துணையோடு வெளியே, கடைசியில் துணையில்லாமல். பத்து வருஷம் கழித்துக் கடைக்குப் போகிறவர் அங்கே கல்லாவில் ஆளே இல்லாமல் மெஷின் மட்டும் நிற்பதைப் பார்ப்பார். பாக்கெட்டில் நோட்டு இருக்கும், மெஷினோ கார்டு கேட்கும். பின்னால் வரிசை நீளும். அந்த முப்பது விநாடி பதற்றத்தை எந்த மாத்திரையும் கற்றுக்கொடுக்காது.

25 மணி நேரம் என்ற கணக்கு

இங்கிலாந்தில் இந்த மருத்துவமனைகளுக்கு ஒரு இலக்கு பேசப்படுகிறது: ஒவ்வொரு நோயாளிக்கும் வாரத்துக்கு 25 மணி நேரம் அர்த்தமுள்ள செயல்பாடு. நான் எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள், அதனால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 கழித்தால் 112. அதில் 25 என்பது ஏறக்குறைய 22 சதவீதம். இலக்கை முழுசாக எட்டினாலும் விழித்திருக்கும் நேரத்தில் நாலில் மூணு பங்குக்கு மேல் காலிதான்.

இலக்கு இருப்பது நல்லது, இல்லாவிட்டால் இந்த 25-ம் கிடைக்காது. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில் எப்போதும் சிக்கல் உண்டு. கொடுத்ததை எண்ணுவதா, அவர் வந்ததை எண்ணுவதா? க்ளோசபின் போன்ற மருந்துகள் கடும் தூக்கத்தையும் உடல் எடையையும் கூட்டும். காலை பத்து மணி வகுப்புக்கு ஒருவர் வராததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லாமல் இருக்கலாம். ஊழியர் பற்றாக்குறை என்றால் முதலில் ரத்தாவதும் வெளியே அழைத்துப் போகும் பயணம்தான். கட்டத்தில் 'நோயாளி பங்கேற்கவில்லை' என்று விழுந்தால், அதைப் படிப்பவருக்கு யார் வராமல் போனது என்பது தெரியாது.

இங்கே ஒரு கூர்மையான நெருடலும் இருக்கிறது. கூடவே நின்று சப்பாத்தி உருட்டும்போது மனிதர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். அம்மாவைப் பற்றி, அந்த ராத்திரியைப் பற்றி. அதில் ஆபத்து தொடர்பானது எதுவாக இருந்தாலும் ஓ.டி. மருத்துவக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவரது விடுப்பு ரத்தாகலாம். நம்பிக்கையை வளர்ப்பதும் அதே நம்பிக்கையில் வந்ததை எழுதி வைப்பதும் ஒரே ஆளின் வேலை. இதை முதல் நாளே நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மையான வழி.

நீதியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின் கீழ் அடைக்கப்படும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களிடையே மூன்று மடங்குக்கு மேல். யாருடைய 'ஒழுங்கான' நாளை அளவுகோலாக வைத்து யாரை மதிப்பிடுகிறோம் என்ற கேள்வியிலிருந்து சமையலறையும் தப்ப முடியாது.

நம்ம ஊர்ல எப்படி?

மச்சாங் லாலுங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அசாமைச் சேர்ந்தவர். 1951-ல் கைது செய்யப்பட்டு, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் அவர் உடல்நலத்தோடு இருப்பதாக மருத்துவமனை சான்று கொடுத்தது. வீட்டுக்குப் போகவில்லை, குவாஹாட்டி சிறைக்குப் போனார். விசாரணை நடக்கவே இல்லை. 2005-ல், 54 ஆண்டுகள் கழித்து, 1 ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். 2007-ல் இறந்துபோனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நோய் குறைந்துவிட்டது' என்ற சான்று 1967-லேயே இருந்தது. அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் யாருக்கும் பொறுப்பு இல்லை: இவர் எங்கே போவார், யாரோடு இருப்பார், காலையில் எழுந்து என்ன செய்வார்?

இன்றைய சட்டமும் அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. மனநோயின் காரணமாகச் செயலின் தன்மை புரியாமல் செய்தது குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவுதான் அது. அப்படி விடுதலையானவர் உடனே வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான இடத்தில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், அல்லது உறவினர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். வெளியே விடுவதற்கான கேள்வி, அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து வருமா என்பது. உறவினர் வரவில்லை என்றால்? சான்று இருந்தும் ஆள் உள்ளேயே இருப்பார்.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல மையம் அமைக்கச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதே சட்டத்தில் 'மனநல வல்லுநர்' யார் என்ற பட்டியலில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் இருக்கிறார்கள். ஆயுர்வேதம், ஹோமியோபதி, சித்தா, யுனானியில் மனநலம் சார்ந்த முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஓ.டி. இல்லை. இங்கிலாந்திலோ 2007-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கூடுதல் தகுதி பெற்ற ஓ.டி. ஒருவரே நோயாளியின் சிகிச்சைக்குச் சட்டப்படி பொறுப்பான ஆளாக ஆகலாம்.

இந்தியாவில் இந்தத் தொழில் புதுசு ஒன்றும் இல்லை. 1950-லேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1794-ல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் நோயாளிகளுக்கான தொழிற்பயிற்சி பல பத்தாண்டுகளாக உண்டு. ஆள் இருக்கிறார்கள், அனுபவமும் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில்தான் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படவில்லை.

இந்தத் துறைக்குப் போகணும்னா?

இந்தியாவில் பி.ஓ.டி. பட்டப்படிப்பு, அதில் இன்டர்ன்ஷிப்பும் சேர்த்தி. 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டம் துணை மருத்துவத் தொழில்களை ஒரே குடைக்குள் கொண்டுவந்தது, ஓ.டி.யும் அதில் அடக்கம். பிரிட்டனில் வேலை பார்க்க ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு கட்டாயம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை எழுதுவதாக இருந்தால் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு.

வேலையில் சேர்ந்ததும் நேராக நோயாளியைப் பார்க்க விட மாட்டார்கள். யாராவது கையைப் பிடித்தால் வலிக்காமல் விடுவித்துக்கொள்வது எப்படி, அலாரத்தை எப்போது இழுப்பது, சாவியை யார் கண்ணிலும் படாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று தனித்தனிப் பயிற்சி. சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால் ஞாபகம் வந்த நிமிஷமே திரும்ப வர வேண்டும், எத்தனை மணியாக இருந்தாலும்.