பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பொறி எண்ணெய்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பொறி எண்ணெய் என்பது, ஏறத்தாழ 1950கள் முதல் 1970கள் வரை வடிவமைக்கப்பட்ட விரைவு மகிழுந்துகளின் பொறிகளுக்கு ஏற்ற பாகுநிலையும் வேதிச் சேர்க்கைகளும் கொண்ட உயவு எண்ணெய் ஆகும். பேச்சு வழக்கில் இது என்ஜின் ஆயில் எனப்படுகிறது. கடையில் கிடைக்கும் மிகப் புதிய தர எண்ணெயே எல்லாப் பொறிகளுக்கும் மிகச் சிறந்தது என்ற கருத்து இவ்வகைப் பொறிகளுக்குப் பொருந்தாது. புதிய எண்ணெய்கள் எரிபொருள் சிக்கனத்தையும் புகைக் கட்டுப்பாட்டையும் கருத்திற் கொண்டு உருவாக்கப்பட்டவை. அவற்றுள் சில, பழைய பொறியின் கேம் தண்டைக் காக்கப் போதுமானவை அல்ல.

இக்கட்டுரையில் ஐக்கிய இராச்சியத்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. மகிழுந்து முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இதில் 1798 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட பெட்ரோல் பொறி உள்ளது.

பழைய பொறிகளின் அமைப்பு

பொறி எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தைக் கடத்துகிறது, கரியையும் அழுக்கையும் சுமந்து செல்கிறது, துருப்பிடிப்பதைத் தடுக்கிறது. இப்பணிகள் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவானவை. எனினும் பழைய பொறிகள் மூன்று வகைகளில் வேறுபடுகின்றன.

முதலாவது, அசையும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி இக்காலப் பொறிகளில் உள்ளதைவிடப் பொதுவாக அதிகம். இரண்டாவது, கசிவைத் தடுக்கும் அடைப்புகள் எளிய அமைப்புடையவை. எடுத்துக்காட்டாக, ஜாகுவார் நிறுவனத்தின் எக்ஸ்.கே. பொறியில் கிராங்க் தண்டின் பின்முனையைக் கயிறு போன்ற அடைப்பே காத்தது. மெல்லிய எண்ணெய் இத்தகைய அடைப்பின் வழியே எளிதில் கசியும்.

மூன்றாவது வேறுபாடே மிக முக்கியமானது. எம்.ஜி.பி. போன்ற பொறிகளில் கேம் தண்டின் மேடு, டேப்பட் என்னும் உறுப்பின் அடிப்பரப்பில் நேரடியாக உரசிச் செல்கிறது. தொடும் பரப்பு மிகச் சிறியது. வால்வு வில்லின் விசை முழுவதும் அவ்விடத்தில் தாக்குவதால் அழுத்தம் மிக அதிகமாகிறது. இப்பகுதிக்குப் பெரும்பாலும் தெறித்து வரும் எண்ணெயே கிடைக்கிறது. பல புதிய பொறிகளில் இவ்விடத்தில் உருளைகள் பொருத்தப்பட்டுள்ளதால் உராய்வு மிகக் குறைவு.

பாகுநிலை

எண்ணெயின் பாகுநிலை, வாகனப் பொறியாளர் கழகமான எஸ்.ஏ.ஈ. வகுத்த எண்களால் குறிக்கப்படுகிறது. 20டபிள்யூ-50 என்னும் குறியீட்டில் முதற்பகுதி குளிர்நிலை இயல்பையும், இரண்டாம் பகுதி 100 பாகை செல்சியசில் உள்ள இயல்பையும் காட்டுகின்றன. 50 என்னும் எண் பெற்ற எண்ணெயின் இயக்கப் பாகுநிலை அவ்வெப்பநிலையில் நொடிக்கு 16.3 முதல் 21.9 சதுர மி.மீ. வரை இருக்கும். பல புதிய மகிழுந்துகளில் பயன்படும் 0டபிள்யூ-20 எண்ணெய்க்கு இது 6.9 முதல் 9.3 வரை மட்டுமே.

வெப்பம் ஏறும்போது 20டபிள்யூ-50 எண்ணெய் தடிக்கிறது என்று கருதுவது தவறு. எல்லா எண்ணெய்களும் வெப்பத்தில் இளகுகின்றன. இதில் சேர்க்கப்படும் பல்லுறுப்பிகள் அவ்வாறு இளகும் அளவைக் குறைக்கின்றன.

எம்.ஜி.பி. பொறி சூடான நிலையில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை இருக்க வேண்டும். மிக மெல்லிய எண்ணெயை ஊற்றினால் பேரிங்குகளின் இடைவெளி வழியே அது விரைவாக வெளியேறி, அழுத்தம் குறையும். அதற்காகத் தேவைக்கு மேல் தடித்த எண்ணெயை ஊற்றுவதும் நன்றன்று. குளிர்ந்த பொறியைத் தொடக்கும்போது தடித்த எண்ணெய் மேற்பகுதிகளை அடையத் தாமதமாகும். அந்நேரத்தில் தேய்மானம் மிகும். ஆகவே கடுங்குளிர் நிலவும் இடங்களில் 10டபிள்யூ வகை எண்ணெய் விரும்பப்படுகிறது.

துத்தநாகமும் பாஸ்பரசும்

கேம் தண்டைத் தேய்மானத்திலிருந்து காப்பதில் முதன்மையானது துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட்டு என்னும் சேர்மம். சுருக்கமாக இது இசட்.டி.டி.பி. எனப்படும். உராய்வும் வெப்பமும் மிகுந்த இடத்தில் இது சிதைந்து, உலோகப் பரப்பின் மீது கண்ணாடி போன்ற மெல்லிய பாஸ்பேட்டுப் படலமாகப் படிகிறது. எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும் கணத்தில் உலோகத்துக்குப் பதிலாக இப்படலமே தேய்கிறது. பின்னர் மீண்டும் உருவாகிறது.

ஆனால் எண்ணெயுடன் எரிந்து வெளியேறும் பாஸ்பரஸ், புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியின் திறனைக் குறைக்கிறது. எனவே தரநிலைகளில் பாஸ்பரசின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. எஸ்.எம். தரம் 2004இல் வந்தபோது, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளுக்கு 0.08 விழுக்காடு உச்ச வரம்பாக வகுக்கப்பட்டது. வினையூக்கி மாற்றி இல்லாத பழைய மகிழுந்துக்கு இக்கட்டுப்பாட்டால் பயன் ஏதுமில்லை. பாதுகாப்பு மட்டும் குறைகிறது.

பழைய மகிழுந்துகளுக்கென விற்கப்படும் எண்ணெய்களில் பாஸ்பரஸ் பொதுவாக 0.10 முதல் 0.14 விழுக்காடு வரை உள்ளது. அளவு கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்பதில்லை. மிகையான அளவு உலோகத்தை அரிக்கக்கூடும். எண்ணெயுடன் தனியாகக் கலக்கும் புட்டி மருந்துகள், அதன் சேர்க்கைகளுக்கு இடையே உள்ள சமநிலையைக் குலைக்கக்கூடும்.

ஏ.பி.ஐ. தரக் குறியீடுகள்

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ., பெட்ரோல் பொறி எண்ணெய்களுக்கு எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை வழங்குகிறது.

- எஸ்.இ.: 1979 வரையிலான வாகனங்களுக்கு உரியது
- எஸ்.எப்.: 1988 வரையிலான வாகனங்களுக்கு உரியது
- எஸ்.எம்.: 2004இல் அறிமுகமானது
- எஸ்.என்.: 2010இல் அறிமுகமானது
- எஸ்.பி.: 2020இல் அறிமுகமானது
- எஸ்.க்யூ.: 2025இல் அறிமுகமானது

புதிய தரம் பழைய தரத்தின் இடத்தை நிரப்பும் என்பதே இவ்வரிசையின் பொது விதி. தூய்மை, ஆக்சிசனேற்ற எதிர்ப்பு ஆகியவற்றில் இது உண்மை. எஸ்.இ. கால எண்ணெய்களைவிட இன்றைய எண்ணெய்கள் மிக மேம்பட்டவை. உரசும் டேப்பட்டுகளைப் பொறுத்தவரையில் மட்டும் இவ்விதியை அப்படியே ஏற்க இயலாது.

இங்குக் கவனிக்கத்தக்க விலக்கு ஒன்று உண்டு. எஸ்.எம்., எஸ்.என். தரங்களின் பாஸ்பரஸ் உச்ச வரம்பு 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற தடித்த வகைகளுக்குப் பொருந்தாது. ஆகவே புதிய தரக் குறியீட்டைக் கொண்ட 20டபிள்யூ-50 எண்ணெயில் போதிய பாஸ்பரஸ் இருக்க வாய்ப்புண்டு. தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளே இதை உறுதி செய்யும் வழி. எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் முத்திரை உள்ள எண்ணெய்களைத் தவிர்ப்பது நலம்.

கனிம எண்ணெயும் செயற்கை எண்ணெயும்

செயற்கை எண்ணெய் பழைய பொறிகளைக் கெடுக்கும் என்று பரவலாகக் கூறப்படுகிறது. தகுந்த பாகுநிலையும் போதிய இசட்.டி.டி.பி. அளவும் இருந்தால், நல்ல நிலையில் உள்ள பொறியில் செயற்கை எண்ணெயையும் பயன்படுத்தலாம். தேய்ந்த அடைப்புகள் கொண்ட பொறியில் கசிவு வெளிப்படலாம். வடிகட்டி இல்லாத மிகப் பழைய பொறிகளின் நிலை வேறு. அவற்றில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடை, அழுக்கு நீக்கும் சேர்க்கைகள் நிறைந்த எண்ணெய் திடீரெனப் பெயர்த்து எண்ணெய் வழிகளை அடைக்கக்கூடும்.

பற்சக்கரப் பெட்டி

சில மகிழுந்துகளில் பொறி எண்ணெய் வேறு பணிகளையும் செய்கிறது. எம்.ஜி.பி.யின் கைமுறைப் பற்சக்கரப் பெட்டியிலும் பொறிக்குரிய எண்ணெயே ஊற்றப்படுகிறது. 1959இல் வந்த மினியில் பொறியும் பற்சக்கரங்களும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. பற்சக்கரங்களின் அழுத்தத்தில் பல்லுறுப்பிகள் அறுபடுவதால், அங்கு எண்ணெய் விரைவில் இளகிவிடும். 1998 வரை தயாரிக்கப்பட்ட காற்றுக்குளிர்வு போர்ஷே 911 பொறியில் எண்ணெய் குளிர்விக்கும் பணியிலும் பெரும் பங்கு வகிக்கிறது. ஆகவே ஒரு மகிழுந்துக்கு ஏற்ற எண்ணெய் மற்றொன்றுக்கும் ஏற்றதாக இருக்கும் எனக் கொள்ள முடியாது.

மாற்றும் இடைவெளி

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் குறைந்த தொலைவே ஓட்டப்படுகின்றன. குறும்பயணங்களில் பொறி முழுமையாகச் சூடேறுவதில்லை. அதனால் எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து, அமிலங்கள் உருவாகின்றன. எனவே ஓடிய தொலைவு குறைவாயினும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். நெடுங்காலம் நிறுத்திவைப்பதற்கு முன் மாற்றுவது மேலும் நல்லது.

தேர்வு முறை

உரிமையாளர் கையேட்டில் உள்ள பாகுநிலையே தேர்வின் தொடக்கம். அதன்பின் வாகனம் ஓடும் இடத்தின் தட்பவெப்பம், பொறியின் தேய்மானம், எண்ணெயின் பாஸ்பரஸ் அளவு ஆகியவை இவ்வரிசையில் கருதப்பட வேண்டும். எம்.ஜி.பி.க்கு இம்முறையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் போதிய இசட்.டி.டி.பி. கொண்ட, விலை மிகாத, 20டபிள்யூ-50 கனிம எண்ணெயாகவே அமைகிறது. கேம் தண்டு புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தால், தொடக்க ஓட்டத்துக்கென உள்ள தனி எண்ணெய் முதலில் பயன்படுத்தப்படுகிறது. தவறான எண்ணெயால் தேய்ந்த கேம் தண்டை, பின்னர் நல்ல எண்ணெய் ஊற்றிச் சீராக்க இயலாது. தண்டையும் டேப்பட்டுகளையும் மாற்றுவதே வழி.